வரிப்பள்ளம் இல்லாத என்ஃபீல்டு

மயிலாப்பூரில் பெரியப்பாவின் வீட்டைப் பழுது பார்ப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, கோணிச் சாக்கில் சுற்றிய நீளமான துப்பாக்கி ஒன்று கிடைத்தது. சிப்பாய்க் கலகத்தின்போது எங்கள் முன்னோர் ஒருவர் கையில் இருந்த ரைஃபிள் அது என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் அதற்கு ஆதாரமாக ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

முதலில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைச் செய்யாமல் பழைய துப்பாக்கியைத் தொடவே கூடாது. குழலின் வாய்வழியே மருந்து இடிக்கும் வகை என்பதால், ஒரு மெல்லிய மரக்கோலை உள்ளே விட்டு, அது இறங்கிய ஆழத்தைக் குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிட்டு, உள்ளே மருந்தோ குண்டோ தங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். பெரியப்பா உப்புத்தாள் வாங்கி வரச் சொன்னார். துருவோடு முத்திரைகளும் போய்விடும் என்று நான் மறுத்துவிட்டு, எண்ணெய் நனைத்த துணியால் மட்டும் துடைத்தேன்.

குதிரை எனப்படும், சுத்தியல்போல் அடிக்கும் பாகத்துக்குப் பின்னால் கிரீடமும் அதன்கீழ் விக்டோரியா அரசியின் முதலெழுத்துகளும், முன்பக்கத்தில் பிரிட்டிஷ் அரசு ஆயுதங்களில் காணப்படும் ‘டவர்’ என்ற சொல்லும் 1860 என்ற ஆண்டும் தெரிந்தன. கலகம் நடந்தது 1857இல் என்பதால், குடும்பக் கதை அந்த நிமிடமே தளர்ந்தது. குழலைக் கட்டையோடு பிணைக்கும் மூன்று வளையங்களும் 39 அங்குலக் குழலும் 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு ரைஃபிளை அப்படியே ஒத்திருந்தன. ஆனால் விளக்கை வைத்துப் பார்த்தபோது, குண்டைச் சுழலவைத்துத் துல்லியமாகச் செலுத்துவதற்காகக் குழலுக்குள் சுருண்டு ஓட வேண்டிய மூன்று வரிப்பள்ளங்களில் ஒன்றுகூட இல்லை. கண்ணாடிக் குவளையின் உட்புறம்போல் வழவழவென்று இருந்தது. 900 கஜம் வரை குறி வைக்க உதவும் ஏணிபோன்ற நிமிர்த்தும் தகட்டுக்குப் பதிலாக, அசையாத சிறு பிளவு ஒன்றே இருந்தது. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் வெர்னியர் காலிபரால் அளந்து, வாய் விட்டம் ஏறத்தாழ 16.7 மில்லிமீட்டர் என்றார். என்ஃபீல்டு ரைஃபிளுக்கு அது 14.7 மில்லிமீட்டர்தான்.

அந்த இரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டில்தான் விடை இருந்தது. கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவை முன்னிட்டுக் கிளர்ச்சி வெடித்த பிறகு, வெகுதூரம் துல்லியமாகச் சுடும் ரைஃபிளை இந்தியச் சிப்பாய்களிடம் கொடுக்க ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். ஆகவே 1858இல் அதே துப்பாக்கியின் குழலைக் குடைந்து, பள்ளங்களை நீக்கி, அகலமாக்கிக் கொடுத்தார்கள். அப்படிக் குடைந்த குழலின் சுவர் மெலிந்து வளைந்ததால், 1859ஆம் ஆண்டின் வடிவத்தில் தடித்த குழலையே பொருத்தினார்கள். எங்களுடையது இந்த இரண்டாவது வகை. பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையிலான விகிதத்தைச் சென்னை ராணுவத்தில் ஒன்றுக்கு மூன்று என்று, கலகத்துக்குப் பின் ராணுவத்தை மாற்றியமைக்க அமைக்கப்பட்ட பீல் ஆணையம் 1859இல் பரிந்துரைத்ததும் இதே அச்சத்தின் இன்னொரு முகம்தான். சென்னைப் படையில் பெரும்பகுதி அந்தக் கிளர்ச்சியில் சேரவே இல்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கசக்கிறது.

கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பெரியப்பாவையும் அழைத்துச் சென்று, அங்குள்ள பழைய ஆயுதங்களுக்கு முன்னால் நின்று இதையெல்லாம் விளக்கினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், “அப்போ செய்யும்போதே நம்ம ஆளுக்குன்னு மட்டமாத்தான் செஞ்சாங்களாப்பா?” என்று கேட்டார். “ஆமாம் பெரியப்பா” என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.

பழுது பார்த்தாலும் சுட முடியாத தொன்மையான ஆயுதங்களுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்த நிலையை நாமே முடிவு செய்துகொள்வது சரியல்ல என்பதால், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டோம்.

கட்டையின் அடியிலுள்ள பித்தளைத் தகட்டில் ஓர் எண் மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. அது எந்தப் படைப்பிரிவின் எண் என்று அறிய, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள ராணுவத் துறைப் பதிவுகளை அடுத்த மாதம் முதல் புரட்டப் போகிறேன். இதே போன்ற அசையாத பிளவுக் குறியும் வழுவழுப்பான குழலும் கொண்ட துப்பாக்கி உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பித்தளைத் தகட்டில் என்ன வெட்டியிருக்கிறது என்பதை எனக்கு எழுதுங்கள்.