பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஒரு உள்ளூர்ச் சமையல் புத்தகம் கையில் இருக்கட்டும்

லண்டனில் தமிழர்கள் நிறைய இருக்கிற ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் வீடு கிடைத்தவர்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் பக்கத்துக் கடையிலேயே கிடைத்துவிடும். எக்ஸிட்டர், அபர்டீன் மாதிரி ஊர்களுக்கு வந்திருப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன். ஜனவரியிலும் வெண்டைக்காய்தான் வேண்டும் என்று நின்றால், எங்கிருந்தோ வந்து வாடிப்போன காய்க்குக் காசு கொடுத்துவிட்டு, இந்த ஊரில் எதற்கும் ருசியே இல்லை என்று புலம்ப வேண்டியிருக்கும்.

நான் எல்லோருக்கும் சொல்வது பிரிட்டிஷ் சமையல் எழுத்தாளர் நைஜல் ஸ்லேட்டரின் 'தி கிச்சன் டைரீஸ்'. 2005-இல் வந்த புத்தகம். லண்டன் வீட்டில் ஒரு வருடம் என்னென்ன சமைத்தார் என்று ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை தேதி போட்டு எழுதியிருக்கிறார். பஞ்சாங்கம் பார்ப்பது போல, இன்றைய தேதிக்குப் பக்கத்தில் புரட்டினால் போதும், இப்போது எந்தக் காய் நன்றாக இருக்கும் என்று பிடிபட்டுவிடும். விருந்துச் சமையல் இல்லை. வேலை முடிந்து வந்து செய்கிற சாப்பாடுதான் பெரும்பாலும். இறைச்சியும் மீனும் நிறைய வரும், சைவக்காரர்கள் தாண்டிப் போய்க்கொள்ளலாம். நான் அதிலிருந்து காயை எடுத்துக்கொள்வேன், தாளிப்பு நம்முடையது.

உதாரணத்துக்கு ரூபார்ப். புளிப்பான தண்டு அது. பனிக்காலக் கடைசியில் யார்க்‌ஷயரிலிருந்து இளஞ்சிவப்புத் தண்டுகள் வரும். வெளிச்சம் படாத கொட்டகையில் வளர்த்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பறிப்பார்கள். இங்கே அதைச் சர்க்கரை போட்டுத்தான் சாப்பிடுவார்கள். நீங்கள் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து வதக்குங்கள். அதுவே சட்டென்று தண்ணீர் விட்டு, நார் நாராகப் பிரிந்து குழைந்துவிடும். மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி, பெருங்காயம், உப்பு, ஒரு துண்டு வெல்லம் போட்டு எண்ணெய் பிரியும்வரை சுருட்டினால் தொக்கு ரெடி. புளியே வேண்டாம். தயிர்சாதத்துக்கு மாங்காய்த் தொக்கு இல்லாத குறை தெரியாது. இலையோடு கிடைத்தால் இலையைக் கட்டாயம் எறிந்துவிடுங்கள், அது விஷம்.

அஸ்பாரகஸ் என்கிற பச்சைத் தண்டு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரைதான். மிளகும் நெய்யும் போதும். ஜூலைக்கு மேல் ரன்னர் பீன்ஸ் வரும். ஓரத்து நாரை உரித்துத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் அவரைக்காய்க்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கேல் கீரையின் தண்டை உருவிவிட்டுப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும் பார்ஸ்னிப் மட்டும் கவனம். உறைபனி பட்டால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும், சாம்பாரில் போட்டால் தித்திக்கும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. மிளகு தூக்கலாகப் போட்டு அவனில் (oven) வறுத்தால் சரி.

அவன் என்றதும் இன்னொன்று. சமையல் குறிப்பில் சாதாரண அவனுக்கு 200 டிகிரி போட்டிருந்தால், உள்ளே விசிறி சுழலும் ஃபேன் அவனில் 180 வையுங்கள். 'கேஸ் மார்க் 4' (கேஸ் அவனின் சூட்டு எண்) என்று பார்த்தால் அது சாதாரண அவனில் 180 டிகிரி, ஃபேன் அவனில் 160.

உடனே புதுப் புத்தகம் வாங்க வேண்டாம். ஊர் நூலகத்தில் உறுப்பினராகக் காசு கிடையாது, புத்தகம் அலமாரியில் இல்லாவிட்டால் கேட்டு வரவழைக்கலாம். தர்ம அமைப்புகள் பழைய சாமான் விற்கும் சாரிட்டி ஷாப்களிலும் சமையல் புத்தகங்கள் சல்லிசாகக் கிடைக்கும். அப்புறம், தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுக்களைக் கதவைச் சாத்துங்கள். ஸ்மோக் அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை கட்டிவைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.