போர்ட் = வாசல், சாக்கெட் = இணைமுனை: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

கணினி வலையமைப்பில் வரும் போர்ட், சாக்கெட் என்ற இரண்டு சொற்களுக்கும் தமிழ் தேடுகிறோம். போர்ட் என்பது கணினிக்கு வரும் தரவு எந்த புரோகிராமுக்கு என்று காட்டும் எண்; சாக்கெட் என்பது தரவை அனுப்பவும் பெறவும் புரோகிராம் திறந்து வைப்பது. போர்ட்டுக்குத் 'துறை' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. 'துறை எண் 443' என்று எழுதிப் பாருங்கள். படிப்பவருக்கு வருவாய்த் துறை, வனத் துறைதான் நினைவுக்கு வரும். 'வாயில்' நல்ல சொல்தான். ஆனால் ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியான கேட்வேயை நுழைவாயில் என்று எழுதுகிறோம், இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் முட்டிக்கொள்ளும். 'வாசல்' போதும். தரவை அனுப்பும் நெறிமுறைகளில் ஒன்றான டிசிபிக்கு 0 முதல் 65535 வரை எண் போட்ட வாசல்கள், இன்னொன்றான யுடிபிக்கு அதே போல் தனி வரிசை. 'சர்வர் 22ஆம் வாசலில் காத்திருக்கிறது' என்றால் யாருக்கும் புரியும்.

சாக்கெட்தான் பாடாய்ப் படுத்துகிறது. பொருத்துவாய், செருகுகுழி போன்ற சொற்கள் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டை மனதில் வைத்து வந்தவை. அங்கே ஒரு குழிக்கு ஒரு பிளக். இங்கே அப்படி இல்லையே! ஒரு வெப் சர்வர் 443இல் ஒரு சாக்கெட்டைத் திறந்து காத்திருக்கிறது. இணைப்பு வந்து, சர்வர் அதை ஏற்றதும், அந்த ஒரு இணைப்புக்கென்றே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) புதிதாக ஒரு சாக்கெட்டைத் தருகிறது. ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் சாக்கெட். வாசல் அதே 443தான்.

அப்புறம் யாருடைய தரவு யாருக்கு என்று எப்படித் தெரிகிறது? என் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் ஒரே தளத்தை டிசிபி வழியே திறக்கிறேன் என்று வையுங்கள். என் பக்கத்தில் ஒன்றுக்கு 51514, மற்றதற்கு 51520 என்று வெவ்வேறு வாசல் எண் விழும். அனுப்புபவர் முகவரி, அவர் வாசல், பெறுபவர் முகவரி, அவர் வாசல் என்ற நான்கையும் பார்த்துத்தான் கெர்னல் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டையும்) உரிய சாக்கெட்டின் வரிசையில் போடுகிறது. அந்த சாக்கெட்டைக் கையில் வைத்திருக்கும் புரோகிராம் அங்கிருந்து படித்துக்கொள்கிறது. ஆக, சாக்கெட் என்பது இணைப்பின் இந்தப் பக்கத்து முனை. 'இணைமுனை' என்று நான் சொல்வது அதனால்தான்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். டிசிபியை வரையறுத்து 1981இல் வந்த ஆர்.எஃப்.சி 793 என்ற ஆவணம், முகவரியும் போர்ட்டும் சேர்ந்த ஜோடியைத்தான் சாக்கெட் என்கிறது. நாம் இன்று நிரலில் திறந்து மூடும் சாக்கெட் 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தோடு வந்தது. என் முன்மொழிவு இந்த இரண்டாவதற்கு மட்டும். முதலாவதை 'வாசல் முகவரி' என்று தனியே சொல்லலாம்.

பைண்டுக்கு, அதாவது ஒரு சாக்கெட்டுக்கென்று ஒரு போர்ட்டை ஒதுக்கிக்கொள்வதற்கு, 'வாசல் பிடித்தல்'. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான் இதுவும். பழைய சர்வரை நிறுத்த மறந்துவிட்டு 8080இல் இன்னொன்றை ஓட்டினால் வரும் பிழைச்செய்தியை 'இந்த வாசல் ஏற்கெனவே பிடிக்கப்பட்டுள்ளது' என்று எழுதிப் பார்த்தேன். புதிதாகப் படிக்க வருபவர்கூட அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

இணைப்பே இன்னும் வராமல் காத்திருக்கும் சாக்கெட்டை இணைமுனை என்பது பொருந்துமா என்று கேட்பீர்கள். இப்போதைக்கு அதைக் 'காத்திருக்கும் இணைமுனை' என்கிறேன். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது ஒரு சொல் இருந்தால் தாருங்கள்.