புதுப்பிப்பு: வலைத்தளப் போட்டிக்கான எங்கள் அணியின் தளம்

எங்கள் பள்ளி அணியின் தளம் கைப்பேசியில் திறக்க அரை நிமிடம் ஆகிறது என்றும், சில பக்கங்களில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன என்றும் சென்ற மாதம் கேட்டிருந்தேன். இரண்டையும் சரிசெய்து, நேற்று மாலை தளத்தைப் போட்டிக்கு ஒப்படைத்துவிட்டோம்.

2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலமே எங்கள் தளத்தின் பொருள். எழுத்துச் சிதைவுக்கு நாங்கள் ஐயுற்றதுபோல் உலாவி காரணமன்று. அணியில் ஒருவர் பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்த கட்டுரைகளை அப்படியே ஒட்டியிருந்தார். அந்த எழுத்துருவில் திரையில் 'அ' என்று தெரிவது கோப்பினுள் ஆங்கில 'எம்' எழுத்தாகவே இருப்பதால், அது நிறுவப்படாத கைப்பேசியில் 'அம்மா' என்ற சொல்கூட எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தோன்றும். அனைத்தையும் எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு குறியீட்டுக்கு மாற்றிய பின், பதினொரு பக்கங்களையும் வரிவரியாகப் பிழைதிருத்த வேண்டியிருந்தது (மாற்றும் மென்பொருள் தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியது என் தவறு).

தாமதத்திற்குப் படங்களே காரணம். கேமராவிலிருந்து நேரடியாக ஏற்றிய கூழைக்கடாப் படம் ஒன்று மட்டும் 5 எம்பி இருந்தது. அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்ததும் 180 கேபியாகிவிட்டது. படங்களுக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க இயலாதவர்களுக்கான எழுத்து விளக்கம்) சேர்க்கும்படி இங்கே ஒருவர் கூறியதையும் செய்துவிட்டோம். முடிவு இன்னும் வரவில்லை.