கிரெமோனா வயலின்களின் கழுத்தில் இரும்பு ஆணி: சரியா, தவறா?

உளிவாசி:
இத்தாலியின் கிரெமோனா ஊரில் வயலின் செய்த அமாட்டி, ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி குடும்பங்கள் கழுத்தை உடலோடு பிடித்து வைத்தது இரும்பு ஆணியால்தான். கழுத்தின் அடியில் வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) தடவி, உடலின் பக்கச்சுவரான பக்கப்பட்டையின் மேல் அப்படியே ஒட்டுவார்கள். பிறகு உள்ளே இருக்கும் மேல்கட்டை வழியாக ஆணி அடிப்பார்கள், பெரும்பாலும் மூன்று. மேல்பலகையை மூடுவது அதற்கப்புறம்தான். வெட்டிய பள்ளமான காடியும் இல்லை, அதில் பொருந்தும் கழுந்தும் இல்லை. நாற்காலி செய்கிறவர்கூட இதைவிட நல்ல மூட்டு போடுவார். 1800-ஐ ஒட்டிய காலத்தில் கட்டையில் காடி வெட்டிக் கழுத்தை உள்ளே இறக்கும் முறை பரவியது. பழைய முறை தோற்றதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? பழைய பாணி பரோக் வயலின் செய்கிறேன் என்று இன்றும் ஆணி அடிப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

குடல்நரம்பு:
எரிச்சல் இருக்கட்டும், மரத்தைப் பாருங்கள். பட்டையில் படும் கழுத்தின் அடி, நாரோட்டத்தின் குறுக்குவெட்டு முகம். அது வச்சிரத்தை உறிஞ்சிவிடும், ஒட்டு பலமாக நிற்காது. சூடான வச்சிரம் ஆறுவதற்குள் வேலை முடிய வேண்டும். ஆணிதான் அங்கே கிளாம்ப். முதலில் துளை போட்டுவிட்டு உள்ளிருந்து அடித்தால், கழுத்து பட்டையோடு இறுகி உட்கார்ந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது.

சுமை முழுவதும் ஆணி மேல் விழுவதும் இல்லை. தந்திகள் தலையை முன்னால் இழுக்கும்போது, கழுத்தின் அடி பின்பலகைப் பக்கம் வெளியே பிரியப் பார்க்கும். பின்பலகையின் மேல்விளிம்பில் நீண்டிருக்கும் சிறு நாக்கு அதனோடு ஒட்டியிருப்பதால்தான் அது பிரியாமல் நிற்கிறது. காடி வெட்டிய இன்றைய வயலினிலும் அந்த நாக்கு இருக்கிறதே!

உளிவாசி:
குறுக்குவெட்டில் வச்சிரம் பிடிக்காது என்றால், நார் ஓடும் திசையிலேயே இறங்கும் ஆணி மட்டும் எப்படிப் பிடிக்கும்? அதுவும் துருப்பிடிக்கும் இரும்பு. காடி மூட்டில் இரண்டு பக்கமும் ஒட்டுவதற்கு நல்ல முகம் கிடைக்கிறது.

பட்டறைப்பையன்:
நடுவில் ஒரு வார்த்தை. ஆணியை விட்டால் அந்தக் காலத்தில் வழியே இல்லை என்பதும் இல்லை. ஆல்ப்ஸுக்கு வடக்கே பல பட்டறைகளில் கழுத்தும் உள்ளே இருக்கும் மேல்கட்டையும் ஒரே மரம். அதன் இரு பக்கமும் ரம்பத்தால் கீறி, பட்டைகளின் முனையை அதில் செருகிவிடுவார்கள். ஸ்பானிஷ் கிதாரில் இன்றும் இதே முறைதான். அச்சுச் சட்டத்தைச் சுற்றிப் பட்டைகளை வளைத்துக் கட்டும் கிரெமோனாக்காரருக்கு அது ஒத்துவராது. உடற்கூடு முடிந்தபின் கழுத்தைச் சேர்க்க ஆணி வசதியாக இருந்தது, அடித்தார்கள்.

குடல்நரம்பு:
அதேதான். "தோற்றது" என்கிற பேச்சுக்கு வருவோம். மிலானில் வயலின் பட்டறை நடத்திய மாண்டெகாட்ஸா சகோதரர்கள், பழைய வயலின்களைச் சேகரித்த கோசியோ பிரபுவின் வயலின்களின் கழுத்தை மாற்றினார்கள். பாரிஸ் பட்டறைகளிலும் இதே வேலை நடந்தது. எதற்காக? வாசிப்பவர்களுக்கு நீளமான, மெல்லிய, பின்னால் சாய்ந்த கழுத்து வேண்டியிருந்தது. பழைய கழுத்து ஏறக்குறைய நேராக நிற்கும். தந்தியின் உயரத்துக்குத் தோதாக விரற்பலகையைத்தான் ஆப்பு வடிவில் சீவுவார்கள். மூட்டு மட்டும் கெட்டிருந்தால் அதே கழுத்தைக் காடியில் இறக்கியிருக்கலாமே. அவர்களோ சுருள் தலையை அறுத்தெடுத்து, புது மரத்தில் ஒட்டுப்போட்டார்கள். பழுது ஆணியில் இல்லை, கழுத்தின் அளவில்.

1690-இல் ஸ்ட்ராடிவாரி இத்தாலியின் மெடிச்சி அரச குடும்பத்துக்குச் செய்த டெனர் வயோலா (வயலினைவிடப் பெரிய வாத்தியம்) ஃப்ளாரன்ஸில் இருக்கிறது. பழைய கழுத்து, பழைய விரற்பலகை, அப்படியே.

உளிவாசி:
அருங்காட்சியக வாத்தியத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். தினமும் ஸ்ருதி ஏற்றி நான்கு மணிநேரம் வாசிக்கிற வயலினைக் காட்டுங்கள். கழுத்தின் அளவு பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதுக் கழுத்தை வைக்கும்போது அவர்கள் மறுபடி ஆணியைத் தேடவில்லையே? நாளைக்குக் கழுத்து முன்னால் சரிந்தால் என்ன செய்வீர்கள்? காடியென்றால் ஒட்டை இளக்கிக் கழுத்தை மட்டும் வெளியே எடுக்கலாம். ஆணியென்றால் மேல்பலகையையே திறந்தாக வேண்டும்.

குடல்நரம்பு:
திறந்தால் என்ன? மேல்பலகைக்கு வச்சிரத்தை மெலிதாகக் கரைத்துப் போடுவதே, தேவைப்பட்டால் கத்தி விட்டுத் திறக்கத்தானே. எனக்குச் செய்யச் சொல்லியிருக்கும் பரோக் வயலினில் மூன்று ஆணிதான். சொல்லிவிட்டேன்.

உளிவாசி:
அந்தக் கத்தியைப் பிடிக்கப்போகிறவரிடம் கேட்டுவிட்டுச் சொன்னீர்களா?