கொய்யாப்பழம் வரைஞ்சா அது கிறிஸ்தவ ஓவியம் இல்லையா?

ஜெபா_வாட்டர்கலர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க சபையில அறுப்பின் பண்டிகைக்கு சின்னதா ஓவியக் கண்காட்சி வெக்கிறாங்க, நான் எவர்சில்வர் தட்டுல நாலு கொய்யாவும் ஒரு செம்பருத்தியும் போட்டுக் குடுத்தேன், நாலு நாள் வேலை, தினம் புதுசா ஒரு பூ பறிச்சு வச்சு வரைஞ்சேன், அந்தத் தோல்ல பச்சை மஞ்சளா மாறுற இடத்தையே பாத்துட்டு இருந்தப்போ எனக்கு ஜெபத்துல இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. கமிட்டி அங்கிள் பாத்துட்டு "நல்லாருக்கும்மா, வசனம் எங்க? இல்லன்னா ஓரத்துல ஒரு சிலுவை போட்டுரு"ன்றாரு. போடணுமா?

தூரிகை77:
இந்தச் சண்டை 200 வருஷப் பழசு சிஸ்டர். காஸ்பர் டேவிட் ஃப்ரெட்ரிக்னு ஜெர்மன்காரர், 1808-ல பலிபீடத்துக்குன்னே ஒரு படம் போட்டாரு, முக்கால்வாசி பாறை, ஊசியிலை மரம், சாயங்கால வானம். அடுத்த வருஷமே ராம்டோர்னு ஒரு விமர்சகர், இயற்கைக் காட்சி எப்படி பலிபீடத்துல ஏறலாம்னு நீளமா எழுதித் தாளிச்சுட்டாரு. படம் இப்பவும் டிரெஸ்டன்ல இருக்கு.

பழைய_பென்சில்:
ஸ்பெயின்காரர் சான்செஸ் கோட்டான் படத்தைத் தேடிப் பாருங்க. ஒரு ஜன்னல், உள்ள கும்மிருட்டு, ஒரு சீமை மாதுளையும் முட்டைக்கோஸும் நூல்ல தொங்குது, கீழ வெட்டின முலாம்பழம், வெள்ளரிக்கா. அவ்ளோதான், வசனமும் இல்ல சிலுவையும் இல்ல. 1602 வாக்குல வரைஞ்சது, 1603-ல மனுஷன் கார்த்தூசியன்னு ஒரு கத்தோலிக்கத் துறவிகள் மடத்துல போய்ச் சேந்துட்டாரு. அந்த முட்டைக்கோஸ் இலை நரம்பைப் பாத்தா எனக்குப் பேச்சே வராது. சுர்பரான்னு இன்னொரு ஸ்பெயின் ஓவியர் 1633-ல போட்ட எலுமிச்சை, ஆரஞ்சு, ரோஜா படத்தை மட்டும் மரியாளுக்குக் காணிக்கைன்னு நிறைய பேர் சொல்றாங்க, படத்துல அப்படி எழுதியெல்லாம் வைக்கல.

சாமுவேல்_மதுர:
அங்கிள் பாவம்ங்க, கண்காட்சிக்கு வர்றவங்க "இது என்ன பழக்கடையா"ன்னு அவரைத்தான் கேப்பாங்க. பக்கத்துல ஒரு சீட்டுல மத்தேயு 6:28 எழுதி ஒட்டிருங்க, காட்டுப்புஷ்பங்களைக் கவனிச்சுப் பாருங்கன்னு ஆண்டவரே சொன்னதுதானே. படத்துல கை வெக்காதீங்க, வாட்டர்கலர்ல அப்புறமா சிலுவை போட்டா ஒட்டவெச்ச மாதிரி அசிங்கமா நிக்கும்.

ஜெபா_வாட்டர்கலர்:
ரொம்ப தேங்க்ஸ். ஃப்ரெட்ரிக் படத்தை அங்கிளுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், "இதுல மலை உச்சியில சிலுவை இருக்கே"ன்னு ரிப்ளை 😂 இப்போ முட்டைக்கோஸை அனுப்பிருக்கேன், ப்ளூ டிக் விழுந்துருச்சு, பதிலைக் காணோம்.