புதுப்பிப்பு: விவாகரத்து வழக்கு நடக்கும்போதே மகளைப் பார்க்க உத்தரவு கிடைத்தது

வழக்கு முடியும்வரை மகளைப் பார்க்கவே முடியாதா, தனியாக கார்டியன் (குழந்தையின் பாதுகாவலர்) மனு போட வேண்டுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 26-இன் கீழ் அதே வழக்கில் இடைக்கால மனு (வழக்கு முடியும் முன்பே உத்தரவு கேட்பது) போடச் சொன்ன யோசனைதான். தனி வழக்கு தேவைப்படவில்லை. குழந்தையின் பராமரிப்பு, படிப்பு பற்றிய மனுவை எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள், முடிந்தவரை, முடிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அதை மனுவிலும் எழுதினோம்.

முதலில் கவுன்சலிங். அப்புறம் ஞாயிறுதோறும் நேரில் சந்திப்பு, வார நாளில் வீடியோ கால் என்று உத்தரவு.

எதிர்பாராதது: நீதிபதி மகளைத் தனியாக அழைத்துப் பேசினார். பயந்துபோயிருந்தேன், பள்ளி, தோழிகள் பற்றித்தான் கேட்டாராம்.

ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கும் (இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம் 1956, பிரிவு 6). ஆனால் அது அப்பா வந்து பார்ப்பதற்குத் தடையில்லை.