அப்பா பேரில் இருந்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி: வாரிசுக்கு லைசென்ஸ் வாங்குவது எப்படி?

கம்பத்தான்:
அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவர் பேரில் வெப்லி அண்ட் ஸ்காட் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் 12 போர் (குழல் விட்ட அளவு) இரட்டைக்குழல் ஒன்று இருக்கிறது, தாத்தா காலத்துத் துப்பாக்கி. லைசென்ஸ் தேதி இன்னும் முடியவில்லை. இப்போதைக்கு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம், கூடவே தோட்டா ஒரு பெட்டி. வீடு தேனி மாவட்டம், மேகமலை அடிவாரம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அம்மா, அக்கா, நான் மூவரும்தான் வாரிசு. தேதி முடியும்வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? விற்க யாருக்கும் மனசில்லை. "நூறு வருஷப் பழசுக்கு லைசென்ஸே வேண்டாம், கூர்க்கில் எல்லாரும் சும்மாதானே வைத்திருக்கிறார்கள்" என்கிறார் ஒரு உறவினர்.

மனுப்பெட்டி:
உறவினர் பேச்சைக் கேட்டு நாள் கடத்தாதீர்கள். லைசென்ஸ் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு அல்ல. அப்பா இறந்த அன்றே அது முடிந்துவிட்டது, புத்தகத்தில் எந்தத் தேதி போட்டிருந்தாலும் சரி. 1959 ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் கையில் இருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை.

ஒப்படைத்தால் பறிபோய்விடும் என்ற பயம்தான் பலரை பீரோவிலேயே வைக்கச் சொல்கிறது. அதே 21ஆம் பிரிவுதான், உரிய காலத்துக்குள் வாரிசு லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம், அல்லது லைசென்ஸ் உள்ளவருக்கு விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. காலக்கெடு தாண்டினால் அரசுக்குப் போக வாய்ப்புண்டு. அதனால் ஒப்படைத்த கையோடு மனுவைப் போடுங்கள்.

முதலில் இன்ஸ்பெக்டரிடம் தகவல் சொல்லுங்கள், அப்புறம் எடுத்துப் போங்கள். கடிதம், இறப்புச் சான்றிதழ், ஒரிஜினல் லைசென்ஸ் மூன்றும் கையில் இருக்கட்டும். ரசீதில் கம்பெனி பெயர், போர், நம்பர், தோட்டா எண்ணிக்கை எல்லாம் வரவேண்டும். "துப்பாக்கி ஒன்று" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மனு, 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதியின் கீழ். படிவம் ஏ-1. தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ், அம்மாவும் அக்காவும் ஆட்சேபணை இல்லை என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பத்திரம், மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். மாவட்டத்தில் என்றால் கலெக்டர் ஆபீஸ், சென்னையில் என்றால் போலீஸ் கமிஷனர் ஆபீஸ். குடியிருக்கும் இடம்தான் கணக்கு. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு அதுதான் பிடி.

பழசு என்பது மட்டும் விலக்கு ஆகாது. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான் அந்தச் சலுகை. உங்களுடையது சுடும். கூர்க் கதை வேறு: அந்த ஊர்ச் சமூகமான கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் மத்திய அரசு கொடுத்த தனி விலக்கு அது, இப்போதைக்கு 2029 அக்டோபர் 31 வரை. தேனிக்காரருக்கு அதில் பங்கு இல்லை.

இருகுழல்:
சட்டத்தை மனுப்பெட்டி சார் சொல்லிவிட்டார். நான் இரும்பைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரும்போது பாதித் துப்பாக்கி துருவாக வருவது சகஜம்.

கொடுப்பதற்கு முன் குழலை மடித்து இரண்டு சேம்பரும் (தோட்டா வைக்கும் அறை) காலியா என்று கண்ணால் பாருங்கள். வெறும் சேம்பரில் டிரிகரை இழுத்துப் பார்க்க வேண்டாம், ஊசி உடையும். தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் குழலின் உள்ளும் புறமும் மெல்லியதாகத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, நாள்பட்டால் பிசுக்காக இறுகிவிடும். தோல் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட மருந்தும் இரும்பை அரிக்கும். முடிந்தால் வாய்ப்பகுதி கீழே இருக்கும்படி சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் மெதுவாக இறங்கிக் கட்டையில் ஊறும், கைப்பிடி பக்கம் மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். டீலரிடம் வைத்தால் வாடகை கேட்பார், ஆனால் மழைக்காலத்தில் துடைத்தாவது வைப்பார்.

நம்பரையும் இப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழலைக் கழற்றினால் குழலின் அடியிலும், குழல் வந்து பூட்டும் இரும்புப் பகுதியான ஆக்‌ஷனிலும் குழலுக்குக் கீழே கை பிடிக்கும் கட்டையான ஃபோர்எண்டிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும். பழைய லைசென்ஸில் குமாஸ்தா பேடண்ட் நம்பரைத் துப்பாக்கி நம்பராக எழுதி வைத்திருப்பதுண்டு. நகல் மாற்றி நகல் என்று அதுவே ஓடிக்கொண்டிருக்கும். மனு போட்ட பிறகு அது வெளிப்பட்டால் ஃபைல் அங்கேயே நின்றுவிடும்.

கம்பத்தான்:
நன்றி சார். பெட்டியில் உள்ள தோட்டா 70 மிமீ என்று போட்டிருக்கிறது. அதையும் கொடுக்க வேண்டுமா?

இருகுழல்:
கட்டாயம், எண்ணிக் கொடுங்கள். லைசென்ஸ் வந்த பிறகும் அதை அந்தத் துப்பாக்கியில் போடாதீர்கள். பழைய பிரிட்டிஷ் 12 போரில் பலவற்றுக்கு சேம்பர் இரண்டரை அங்குலம், இங்கே 65 மிமீ தோட்டா என்று விற்பது அதற்குத்தான். 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். வாயை மடித்து மூடிய புதுத் தோட்டா அதைவிடக் குட்டை, அதனால் 65 சேம்பரிலும் தடையில்லாமல் உள்ளே போகும், ஆளும் ஏமாறுவார். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்துக்குள் நுழையும், ரவை (தோட்டாவுக்குள் உள்ள சிறு குண்டுகள்) அதற்குள் நெருங்கித்தான் போக வேண்டும், அழுத்தம் எகிறும். குழலில் சுருள் சுருளாக மர ரேகை மாதிரி தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். கருமருந்து காலத்துப் பொருள், பார்க்க மட்டும். எதுவாக இருந்தாலும் சேம்பரை அளக்கத் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் பார்க்காமல் ஒரு ரவுண்டு கூட வேண்டாம்.

வரையாடு:
ஒன்று விட்டுப்போயிற்று. அம்மா பேரில் தேனி முகவரிக்கு வாங்கலாம் என்று யோசித்தால், 1972 வனவிலங்குச் சட்டம் 34ஆம் பிரிவைப் பாருங்கள். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் தர, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். மேகமலை அடிவாரம் அதற்குள் வரும். வாரிசு லைசென்ஸும் அம்மாவுக்குப் புது லைசென்ஸ்தான், அதனால் இந்தக் கேள்வி வரும் என்று எண்ணியே மனுவைத் தயார் செய்யுங்கள். சென்னை முகவரி பரவாயில்லை என்று நினைக்காதீர்கள், கிண்டி தேசியப் பூங்கா ஊர் நடுவில் இருக்கிறது, தேசியப் பூங்காவுக்கும் அந்தப் பிரிவு பொருந்தும். வேளச்சேரி, அடையாறு பக்கம் வீடு என்றால் கமிஷனர் ஆபீஸில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படிப்பவர்களில் அப்பா உயிரோடு இருப்பவர்களுக்கு: அவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி 25 வருஷம் அவர் பேரில் இருந்தாலோ, அவரே வாரிசை நியமித்து அதே 25ஆம் விதியில் மாற்றிக் கொடுக்கலாம். கையெழுத்துப் போட அவரே இருப்பதால் ஆட்சேபணைப் பத்திரத் தகராறு குறைவு. வாங்குபவரிடம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருந்தால் மட்டும் நடக்காது, 2019 முதல் ஒரு ஆளுக்கு இரண்டுதான் உச்சவரம்பு.